மூச்சுத்துளை இல்லாத திருகாணி

மரையக்காவுக்கு மறதி என்பதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலை வாங்கிக் கடித்துத் திருப்பிக் கொடுத்தவள் யார், கல்யாண வீட்டில் தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போன நாத்தனார் யாரோடு பேசிச் சிரித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் கேட்டால் நேற்று நடந்ததுபோல் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். மன்னிப்பது பெரிய குணம் என்று யாராவது அவளிடம் ஆரம்பித்தால், "அப்போ நீங்க பெரிய ஆளு, நீங்க மன்னிங்க" என்று சொல்லிவிட்டு லேத்தை ஓடவிடுவாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு உபதேசம் பண்ண யாராலும் முடியாது.

பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் துறையில் கீழ்த்தளத்துப் பட்டறை அவளுடைய ராஜ்ஜியம். இரண்டு லேத், ஒரு பழைய துளை போடும் இயந்திரம், எண்ணெய் வாசனை, பித்தளைச் சீவல். மேல் மாடிகளில் லேசர் மேசை, காந்தம், தூசி புகாத அறை என்று என்னென்னவோ இருந்தாலும், அவற்றில் ஒன்றைச் சேர்த்து இறுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி அவளிடம்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் மாணவர்கள் மரையக்கா என்று பெயர் வைத்தார்கள். மண்டையில் மரை கழன்ற அக்கா என்று சிலர் அதற்குப் பொருள் சொல்லிச் சிரித்ததும் அவளுக்குத் தெரியும். யார் யார் சிரித்தார்கள் என்பதும் தெரியும்.

இவையெல்லாம் சில்லறைக் கோபங்கள். அவள் உள்ளே வைத்துக் கறுவிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்மேல். அவர் துறையின் தலைவரான பேராசிரியர்.

அவள் கணவர் அதே துறையில் திரவ நைட்ரஜன் நிரப்புகிறவர். குளிரில் புகைகிற அந்தத் திரவத்தைப் பெரிய தொட்டியிலிருந்து சின்னக் குடுவைகளில் பிடித்து ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் தள்ளிக்கொண்டு போவார். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது பெருகினால் மூச்சுக் காற்றை வெளியே தள்ளிவிடும். ஆள் தன்னையறியாமல் சரிவான். அதற்காக நிரப்பும் அறைச் சுவரில் ஓர் அலாரம் உண்டு. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் ஊரைக் கூட்டும். அந்த அலாரத்தின் வயர் சுவரைத் துளைத்துப் பக்கத்து அளவீட்டு அறைக்குள் போய் ஒரு பிளக்கில் முடியும். யாரும் தெரியாமல் கைவைத்துவிடக் கூடாதென்று கணவரே அந்தப் பிளக்கில் சிவப்பு நாடா சுற்றிவைத்திருந்தார்.

ஆய்வகத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அளவீட்டுத் திரையில் நேராக வரவேண்டிய கோடு முள் முள்ளாகத் துள்ளினால், எந்தக் கருவியின் மின்சாரம் வந்து கலக்கிறது என்று பார்க்க, அறையிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். எதைப் பிடுங்கியதும் கோடு நேராகிறதோ அதுதான் குற்றவாளி. ஒருநாள் பேராசிரியர் அப்படித்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார். இணைப்பு வளையம் ஒன்றைக் கொடுக்க மாடியேறி வந்த மரையக்கா, அவர் குனிந்து நிமிர்ந்தபோது கையில் சிவப்பு நாடா சுற்றிய பிளக்கைப் பார்த்தாள். "வந்துடுச்சு, நேராயிடுச்சு" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னதையும் கேட்டாள். அது எதனுடைய பிளக் என்று அவளுக்கு அப்போது தெரியாது. வளையத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றே ஒரு வார்த்தை கேட்காமல் வந்தோமே என்று தன்மேல் வந்த கோபமும் பிற்பாடு அவர் கணக்கிலேயே ஏறிவிட்டது.

கோடு நேரான மகிழ்ச்சியில் பேராசிரியர் பிளக்கைத் திரும்பச் சொருக மறந்துபோனார். அன்று மாலையே அவள் கணவர் நிரப்பும் அறையில் விழுந்து கிடந்தார்.

உயிர் பிழைத்தது. ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாமல் கிடந்த நேரம் தன் கூலியை எடுத்துக்கொண்டது. பழைய விஷயமெல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருக்கிறது. எந்தக் குழாயில் எந்த வால்வு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். புதிதாகச் சொல்வது மட்டும் ஒட்டாது. காலையில் சொன்னது சாயங்காலம் இருந்தால் அதிசயம். மறுநாள் வரை எதுவும் தாங்காது.

விசாரணை வைத்தார்கள். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கேட்டபோது பேராசிரியர் கொஞ்சமும் கண் சிமிட்டாமல், "அந்தச் சத்தம் தொல்லையா இருக்குன்னு அவரே அடிக்கடி சொல்வார். அவராத்தான் எடுத்திருக்கணும்" என்றார். மரையக்கா கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். "வீட்டுக்காரருக்காகப் பேசறீங்க. புரியுதும்மா" என்று ஒருவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த டம்ளரை அவர் முகத்தில் கொட்டாமல் வந்ததற்காக அவள் இன்றைக்கும் வருந்துகிறாள். கணவரைக் கவனக்குறைவு என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள், பார்க்க வந்தவர்கள், பாதிக் கண் திறந்திருந்த மனிதரிடம் வாரக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "என்னய்யா, போயும் போயும் அலாரத்தைப் பிடுங்கிட்டியே?" வேறு எதுவும் ஒட்டாத மண்டையில் அந்த ஒன்று மட்டும் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் அவர் மனைவியின் முகத்தைத் தேடுவார்.

"என்னை மன்னிச்சிடும்மா. அந்த அலாரத்தை நான் பிடுங்கியிருக்கக் கூடாது. உன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

"நீங்க இல்லைங்க. அந்த மனுஷன்தான் பிடுங்கினார். நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீ எனக்காகச் சொல்றே" என்பார்.

ராத்திரி ஆனால் குளிரானாலும் மழையானாலும் வீட்டின் ஜன்னல் அத்தனையும் திறந்தாக வேண்டும். அடுப்புக் குமிழை எழுந்து எழுந்து போய்த் தடவிப் பார்ப்பார். தன் கவனக்குறைவால் இன்னொரு உயிர் போய்விடக் கூடாதாம். மரையக்கா போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'பிடுங்கியது நான்' என்ற அந்த வாக்கியம், அவர் சார் என்று கூப்பிடும் பேராசிரியரின் வாயிலிருந்து வரவேண்டும். சார் சொன்னால் அவர் நம்புவார். நம்பினால் ஒட்டும் என்று அவள் நினைத்தாள்.

பேராசிரியர் வாய் திறக்கிற ஆளில்லை. எதிரே வந்தால், "வீட்ல எப்படி இருக்காரும்மா?" என்று தலையைச் சாய்த்துப் பரிவாகக் கேட்பார். அந்தத் தலைச் சாய்ப்பையும் அவள் அவர் கணக்கில் ஏற்றிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் புது இயந்திரம் வந்தது. பேராசிரியர் ஓய்வு பெறுமுன் தன் பெயர் நிற்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிய வெற்றிடக் கலன் அது. பளபளக்கும் எஃகு உருளை. அதற்குள்ளிருந்து காற்றைப் பம்புகள் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்ச வேண்டும். உள்ளே மாதிரிகளை வைக்கிற சட்டத்தைத் துறையிலேயே செய்துகொள்வது என்று முடிவாகி, சட்டமும் திருகாணிகளும் அவள் தலையில் வந்து விழுந்தன.

வெற்றிடத்துக்குள் போகிற திருகாணிக்கு ஒரு முறை இருக்கிறது. அடிப்பக்கம் மூடிய குழியில் சாதாரணத் திருகாணியை முடுக்கினால், அதன் நுனிக்குக் கீழே துளிக் காற்று சிறைப்பட்டுவிடும். பிறகு பம்ப் எத்தனை நாள் ஓடினாலும் அந்தக் காற்று மரை வழியாக நூல் நூலாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் திருகாணியின் தலையிலிருந்து நுனி வரை நடுவே மெல்லிய துளை போடுவார்கள். பட்டறையில் அதற்கு மூச்சுத்துளை என்று பெயர். துறையில் கால் வைத்த மாணவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் இது. மரையக்காவுக்குச் சொல்லித்தந்ததே பேராசிரியர்தான்.

அவள் எல்லாத் திருகாணிக்கும் ஒழுங்காகத் துளை போட்டாள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும், தலையில் தொடங்கிய துளையைப் பாதிக்கு மேல் இறங்க விடாமல் நிறுத்தினாள். மேலிருந்து பார்த்தால் மற்றவற்றைப் போலவே இருந்தது. அதைச் சட்டத்தின் அடியில், கை நுழையவும் சிரமமான மூலையில் தானே முடுக்கினாள். முடுக்கும்போது ஒரு பழைய பாட்டு முணுமுணுப்பாக வந்தது.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! பம்ப் ஓடியது, உள்ளே மிஞ்சிய காற்றைக் காட்டும் மானியின் முள் இறங்கியது, பாதி வழியில் நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே போகும், கசிவு காட்டும் கருவி கத்தும். அது கத்தவே இல்லை. இணைப்புகளை அடைக்கும் செப்பு வளையங்களை மாற்றினார்கள். உள்ளே ஒட்டிய ஈரம் போகட்டுமென்று கலனைச் சூடேற்றி நாள்கணக்கில் வேகவைத்தார்கள். பம்ப் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். பேராசிரியர் மண்டையை உடைத்துக்கொண்டார். இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வந்து பார்த்து மதிப்பிடும் நாள் நெருங்க நெருங்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சவரம் செய்ய மறந்து வந்தார். மரையக்கா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தினமும் மாடிக்குப் போய் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

உள்ளே திருகாணியில் தப்பிருக்கலாம் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். தோன்றியது. "மரையக்கா போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது" என்று அவரே சொல்லித் தள்ளிவிட்டார். அவளுடைய இத்தனை வருட நேர்மையே இவருக்குத் தண்ணி காட்டியது.

ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? ஒருநாள் அவருடைய ஆய்வு மாணவி பட்டறைக்கு வந்து லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

"நான் கையுறை போடாம உள்ளே தொட்டிருக்கேனாம். என் கை எண்ணெய்தான் இப்படிப் பண்ணுதாம். வேற இடம் பார்த்துக்கன்னு சொல்லிட்டார்க்கா. நான் தொடவே இல்லை. ஆனா அவர் சொல்லச் சொல்ல, ஒருவேளை தொட்டிருப்பேனோன்னு எனக்கே தோணுது."

அந்தக் கடைசி வார்த்தையில் மரையக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தாள். இந்தச் சொல்லைத்தான் தினமும் காலையில் வேறொரு வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தான் வைத்த குறி அவருக்கு; அதைக்கூட அவர் சாமர்த்தியமாக இன்னொருத்தி தலையில் திருப்பிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், கசிவை நான் எடுத்துத் தர்றேன்."

"நீயா? எப்படி?"

"எப்படியோ. அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க. அப்புறம் ஒரு தடவை எங்க வீட்டுக்கு வரணும். அலாரத்தைப் பிடுங்கினது நீங்கதான்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார்."

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்."

"உங்களுக்கு."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டார். அவர் போட்ட கணக்கு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. நாலு சுவருக்குள், எதுவும் நினைவில் நிற்காத ஒரு மனிதனிடம் சொல்வதில் என்ன நஷ்டம்? கேட்பதற்குச் சாட்சி மனைவி. அவள் பேச்சைத்தான் ஏற்கனவே தள்ளியாயிற்றே. "சரி, வர்றேன்" என்றார், பெருந்தன்மையாக.

அன்று மாலையே வந்தார். லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க நின்றவரைக் கண்டதும் கணவர் துள்ளி எழுந்தார். பேராசிரியர் உட்காரவில்லை.

"அன்னிக்கு அந்த அலாரம்... அதைப் பிடுங்கினது நான். கோட்டுல முள் முள்ளா வந்துச்சு. ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பார்த்தேன். திரும்பச் சொருக மறந்துட்டேன்."

"நீங்களா சார்?"

"ஆமா."

"நான் இல்லியா?"

"நீ இல்லை."

கணவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வழிய மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? நான் இல்லையாம்! சார் சொல்றார், நான் இல்லையாம்!" வருடக்கணக்காகச் சொன்னவளிடமே புதுச் செய்தியாகச் சொன்னார். மரையக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

திரும்பி வந்தபோது கணவர் சாரைப் பிடித்து உட்காரவைத்து, எதற்கு வருத்தப்படறீங்க, யாருக்கும் வரக்கூடிய மறதிதானே என்று தேற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்பதில் அவ்வளவு அவசரம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சு அதற்குள் இயந்திரத்துக்குத் தாவியிருந்தது.

"வெளியே எங்கயும் ஓட்டை இல்லைங்கறீங்க. அப்போ உள்ளேதான் சார். ஏதோ ஒரு ஸ்க்ரூ காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றார் கணவர். பிறகு பெருமையாக, "ஆனா இவ போட்ட ஸ்க்ரூன்னா அந்தக் கவலையே வேண்டாம். தூங்கிக்கிட்டே போட்டாலும் துளை ஒழுங்கா இருக்கும்" என்றார்.

பேராசிரியர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வழியனுப்பக் கூடவே மாடிப்படியில் இறங்கியவளிடம் அவர் திரும்பினார். "வேணும்னே பண்ணியிருக்கே. நாளைக்கே புகார் குடுத்தா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"குடுங்க சார். விசாரணை வைப்பாங்க. ஏன் பண்ணினேன்னு கேப்பாங்க. ஒண்ணு விடாம சொல்றேன். இந்தத் தடவை நான் வீட்டுக்காரருக்காகப் பேசறவ இல்லை, குற்றவாளி. குற்றவாளி சொல்றதை யாரும் தண்ணி குடுத்து அனுப்பிட முடியாது. முழுசா எழுதிக்கிட்டுத்தான் ஆகணும்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அன்று இரவு கணவர் ஜன்னலைத் திறக்கவில்லை. அடுப்பைத் தடவிப் பார்க்கவில்லை. படுத்ததும் குறட்டை விட்டார். மூடிய ஜன்னலுக்குள் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்டேன் என்று மரையக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் அவர் எழுந்தார். அவள் முகத்தைத் தேடினார்.

"என்னை மன்னிச்சிடும்மா. அந்த அலாரத்தை நான் பிடுங்கியிருக்கக் கூடாது."

அவள் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சார் வந்ததும் சொன்னதும் ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்கவில்லை. ஒட்டியது அந்தப் பழைய பழி ஒன்றுதான். இனி அதை எதுவும் பெயர்க்காது. வேலைக்கு நேரமாகும் வரை அவள் அங்கேயே இருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். கலனைத் திறந்து, மூலைத் திருகாணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரியானதை முடுக்கினாள். மானி முள் இறங்கவேண்டிய இடத்துக்கு இறங்கியது. மாணவி தன் இடத்திலேயே இருந்தாள். வந்து பார்த்தவர்கள் பேராசிரியரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர் சவரம் செய்து பளிச்சென்று இருந்த அன்று, மரையக்கா அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரணும்."

"எதுக்கு? அதான் சொல்லிட்டேனே!"

"அன்னிக்கு இருந்தவர்கிட்ட சொன்னீங்க. இன்னிக்கு இருக்கறவருக்குத் தெரியாது. அவர் மறுபடி என்கிட்ட மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சுட்டார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"வந்து சொல்ல முடியும்." பையிலிருந்து திருகாணியை எடுத்து அவருக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "இல்லேன்னா நானே இதை எடுத்துக்கிட்டு மேலிடத்துக்குப் போறேன். எனக்கும் வேலை போகும். போகட்டும்."

அவர் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். இடையில் ஒருமுறை தந்திரம் பண்ணிப் பார்த்தார். "அன்னிக்கு ஒரு தவறு நடந்துபோச்சு, பிளக் கழண்டிருந்துச்சு" என்று யாருடையதோ போல் சொன்னார். சமையலறை வாசலிலிருந்து, "யாரு சார் பிடுங்கினது?" என்று குரல் வந்தது. "நான்தான்" என்று சொல்லும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் கணவர் அதே வியப்போடு, "நீங்களா சார்?" என்றார். ஒவ்வொரு தடவையும் கைகளைத் திருப்பிப் பார்த்தார், அழுதார், மன்னித்தார். அந்த ஒரு இரவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினார்.

பேராசிரியருக்கு ஓய்வு வந்தது. பாராட்டுக் கூட்டம் முடிந்து மாலையும் கையுமாக நின்றவர், கூட்டத்தில் மரையக்காவைத் தேடி வந்து தாழ்ந்த குரலில், "இனிமே நான் இங்கே வரமாட்டேன்" என்றார்.

"நாங்க வீடு மாத்தலையே சார்" என்றாள் அவள். "வழிதான் உங்களுக்குத் தெரியுமே."

இப்போது அவருக்கு மூட்டு வலி. முதல் மாடியில் ஒருமுறை, இரண்டாம் மாடியில் ஒருமுறை நின்று ஏறுகிறார். மேலே சுவரில் சாய்ந்து அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பது மரையக்காவுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே பொழுதுபோக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமையும் கதவு தட்டும் சத்தம் கேட்டுக் கணவர் போய்த் திறந்தார். போன வாரம் அவர் அழுதது அதே வாசலில்தான்.

"அடேடே, சாரா! உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! என்ன திடீர்னு இவ்வளவு தூரம்?" என்றவர், உள்பக்கம் திரும்பி, "ஏம்மா, யாரு வந்திருக்காங்க பாரு!" என்று கூவினார்.

மரையக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.